அண்ணன் முதுகுக்கு ஒரு பை

வேட்டைக்குப் போகிற ஆளுக்கு எந்த மாதிரி முதுகுப்பை வேண்டும் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நான் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். அதற்கு எனக்கு என்ன தகுதி? ஒன்றும் கிடையாது. துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆடு அறுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிற ஆள். மலை என்று நான் பார்த்ததெல்லாம் கோர்ஃபக்கான் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். ஆனாலும் பேசுவேன். அந்த அறிவு எனக்கு எப்படி வந்தது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. துபாயிலும் ஷார்ஜாவிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்றது. கட்டுமானச் சாமான் விற்றவன் எல்லாம் கொழுத்தான். எங்கள் அர்பாபும் கொழுத்தார். அர்பாப் என்றால் முதலாளி. விசா கொடுத்தவர், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருப்பவர், எல்லாம் அவர்தான். நான் அவருடைய ஆபீசில் டைப் அடிப்பவன். விசா பேப்பர் தயார் செய்வதும், சொன்ன இடத்துக்கு ஓடுவதும் என் தலையில். ஆபீஸ் ஷார்ஜா முவைலாவில் அவருடைய வில்லாவின் முன்பக்கம்; பின்பக்கம் வேலையாட்களுக்குக் கட்டிய ரூமில் நானும் வீட்டுச் சமையல்காரரும் இருந்தோம். அவர் பட்டுக்கோட்டைப் பக்கம். நான் ராமநாதபுரம் கடற்கரை. என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். அவருக்கு நான் பாய்.

அண்ணனைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குள்ளமான ஆள். அரபிகளின் பெரிய அண்டாவில் ஆட்டை முழுசாகப் போட்டுச் சோறு சமைப்பதில் அவரை அடிக்க ஷார்ஜாவில் ஆள் கிடையாது. அந்த அண்டாதான் அவருக்கு எமனாக வந்தது. முந்தின ரமலானில் அண்டாவை இறக்கும்போது முதுகில் ஏதோ பிசகிவிட்டது. ரோலா கடைத்தெருவில் ஒரு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, இனிமேல் கனம் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகலாம் என்றார். அண்ணன் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், இது ஒங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். அர்பாப் காதுக்குப் போச்சுன்னா நான் செத்தேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் வீட்டு டிரைவருக்கு நெஞ்சுவலி வந்தது. அர்பாப் ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து அல்லாஹ்விடம் துஆ கேட்டார், பிறகு “பாவம், இவனுக்கு ஓய்வு வேண்டும்” என்று விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார். எங்கள் அர்பாப் நல்ல மனிதர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அண்ணனின் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படித்து முடிக்கும் வரை எப்படியாவது இங்கே நின்றுவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஒரே கணக்கு.

இப்படி இருக்கும்போதுதான் அமெரிக்காவில் படிக்கிற அர்பாபின் மருமகன் லீவுக்கு வந்தான். வந்தவன் சும்மா வராமல் ஒரு கட்டு வேட்டைப் பத்திரிகைகளைக் கொண்டுவந்தான். அதுவரை அர்பாபுக்கு வேட்டை என்றால் பாலைவனத்தில் வண்டியில் உட்கார்ந்தபடி பருந்தை விடுவது. அமெரிக்காக்காரன் அப்படிச் செய்வதில்லையாம். ரோடு, வண்டி, வீடு எதுவும் இல்லாத காட்டு மலைக்குள் நாள்கணக்கில் நடக்கிறானாம். கூடாரம், சோறு, தண்ணீர் எல்லாம் முதுகில். மிருகத்தைச் சுட்டால் அங்கேயே இறைச்சியை அறுத்து, அதையும் முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறானாம். அதுதான் ஆம்பிளை வேட்டை என்று மருமகன் சொல்லிவிட்டான். அர்பாபுக்குப் பிடித்துக்கொண்டது.

தஜிகிஸ்தான் மலையில் நீளக் கொம்புள்ள காட்டாடு இருக்கிறது, அதைச் சுடப் போகிறோம் என்றார். அவர் பேசுவது பாதி இந்தி, பாதி அரபி, நடுநடுவே இங்கிலீஷ். எனக்குப் புரிந்த விதத்தில் தமிழில் எழுதுகிறேன்.

“குதிரை வேண்டாம். கழுதை வேண்டாம். சுட்டதை முதுகில் சுமந்துதான் இறங்க வேண்டும். சமையலுக்கு இவனும் வருகிறான்” என்று அண்ணனைக் காட்டினார்.

அண்ணன் அரபிகளின் காப்பியான காவாவை ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“யாரு முதுகுல பாய்?”

அர்பாபின் தொப்பையைப் பார்த்த யாருக்கும் அதற்குப் பதில் தெரியும்.

“நீ இங்கிலீஷ் படித்தவன். இதைப் பார்த்து நல்ல பையாக வாங்கு. யல்லா, கிளம்பு” என்று பத்திரிகைக் கட்டை என் மடியில் போட்டார் அர்பாப்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. “போகாதீங்கண்ணே. ஏதாவது சாக்குச் சொல்லுங்க” என்றேன். “என்ன சாக்குச் சொல்ல? மலைன்னா பயம்னா? சிரிச்சிட்டு, வாடான்னு இழுத்துட்டுப் போவாரு. முதுகு வலின்னா டிக்கெட் போட்டுருவாரு. நீங்க நல்ல பையா பாத்து வாங்குங்க பாய், அது போதும்” என்றார். ஆக மொத்தம் அந்த மனிதரின் முதுகு நான் வாங்கப்போகிற பையில் வந்து நின்றது.

பை வாங்குவது எங்களுக்குத் தெரியாத வேலையா? கல்ஃபில் இருக்கிறவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் பை தெரியும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட் தராசில் தோற்றுப் போகாத பை எது, வெறும் பை எவ்வளவு கனம், தூக்கி எறிந்தாலும் ஜிப் தெறிக்காத பை எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். வியாழக்கிழமை அண்ணனும் நானும் ரோலாவுக்குக் கிளம்பினோம். கடை கடையாக ஏறி, எந்தப் பையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டது “எவ்வளவு பிடிக்கும்?” அண்ணன் கேட்டது “பூட்டுப் போடலாமா?” ஒரு கடையில் சக்கரம் வைத்த முதுகுப்பை ஒன்றைக் காட்டினார்கள். இழுத்துக்கொண்டும் போகலாம், மாட்டிக்கொண்டும் போகலாம். அண்ணனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “இதாம் பாய்! முதுகுல ஏத்தவே வேணாம், உருட்டிட்டே போயிரலாம்!” எனக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகத்தான் தெரிந்தது. மலையில் எங்கே உருட்டுவது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஊர் நினைப்பிலேயே பை வாங்கிக்கொண்டிருந்தோம். நல்லவேளை, அந்தக் கடைக்காரன் விலையில் பிடிவாதம் பிடித்தான், வந்துவிட்டோம்.

அதன் பிறகுதான் பத்திரிகையை ஒழுங்காகப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் வந்தது. பை என்றே நான் நினைத்திராத விஷயங்களை எல்லாம் எழுதியிருந்தார்கள். துணி உரசினால் சத்தம் வரக்கூடாதாம், மிருகம் ஓடிவிடுமாம். பைக்குப் பின்னால் கம்பிச் சட்டம் இருக்க வேண்டுமாம். சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் திறந்து இறைச்சியை வைத்துக் கட்ட இடம் வேண்டுமாம், கனம் முதுகை ஒட்டி நிற்பதற்காக. எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கடைசியில்தான் எழுதியிருந்தார்கள். அர்பாப் அந்தச் சட்டம் போட்ட பையின் படத்தை விரலால் தட்டி, “இதேதான்” என்றார்.

துபாயில் பெரிய மால் ஒன்றில் கூடாரம், கயிறு எல்லாம் விற்கிற கடை இருந்தது. அங்கே ஒரு ஃபிலிப்பைன்காரர் விற்பனையில் நின்றார். நான் பத்திரிகைப் படத்தைக் காட்டி, “இதில் பெரியது கொடு” என்றேன். அவர் பையைத் தொடவே இல்லை.

“யார் சுமக்கப் போகிறார்?” என்று கேட்டார்.

நான் அண்ணனைக் காட்டினேன். “திரும்பி நில்லுங்கள்” என்றார். அண்ணன் போலீஸ் சோதனை என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அந்த ஆள் சிரித்துவிட்டு, அண்ணனின் கழுத்துக்குக் கீழே துருத்திய எலும்பில் நாடாவை வைத்து, இடுப்பெலும்பு வரைக்கும் இழுத்து அளந்தார். சட்டைக்கு அளக்கலாம், பேண்டுக்கு அளக்கலாம், பைக்கு அளப்பார்களா? அளக்க வேண்டுமாம். ஆளின் உயரம் முக்கியமில்லையாம், முதுகின் நீளம்தான் கணக்காம். பையின் இடுப்பு பெல்ட் சரியாக இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் கனம் முழுக்க இடுப்பிலும் காலிலும் இறங்கிவிடும், தோளுக்கும் முதுகுக்கும் ஒன்றும் வராது என்றார். பை பெரிதாகிப் பெல்ட் கீழே தொங்கினால் அத்தனை கனமும் முதுகைத்தான் பிடித்து இழுக்கும்.

அவர் உள்ளே போய்ச் சின்ன அளவில் பச்சை நிறப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த அளவில் அது ஒன்றுதான் இருந்தது. கடையில் வைத்திருந்த மணல் மூட்டைகளை அதில் போட்டு, அண்ணனுக்கு மாட்டி, பெல்ட்டை இறுக்கினார். அண்ணன் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். இன்னும் நடந்தார். கூடாரங்களைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“பாய்! பொம்பளைங்க கொடத்த இடுப்புல வச்சிட்டுப் போவாங்கள்ல, அந்த மாதிரி இருக்கு. முதுகுல ஒண்ணுமே இல்ல!”

கடை என்றும் பார்க்காமல் நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த ஃபிலிப்பைன்காரருக்கு என்ன தோன்றியதோ, அவரும் கைதட்டினார்.

வீட்டில் வந்து அந்தப் பைக்குள் அரிசி மூட்டையை வைத்து வில்லாவின் மதில் ஓரமாகத் தினமும் சாயங்காலம் நடந்தோம். அண்ணன் முன்னால், நான் பின்னால் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு. மாடிப்படி ஏறினார், இறங்கினார். வலி இல்லை. தோட்ட வேலை செய்கிற வங்காளி எங்களைப் பார்த்து, இவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டான். அர்பாப் ஒருநாள் வந்து பையை வாங்கித் தான் மாட்டிப் பார்த்தார். பெல்ட் தொப்பையைச் சுற்றி வரவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கலாஸ், முடிந்தது, இது இவனுக்குத்தான்” என்று அண்ணனின் தோளில் தட்டினார். எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஒரு வாரம்தான் எனக்குத் தூக்கம் ஒழுங்காக வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தம்மாமிலிருந்து அர்பாபின் பழைய கூட்டாளி ஒருவர் வந்தார். சவூதிக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், பெரிய குரல். மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்தில், அர்பாப் வேட்டைச் சாமான்களை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். தூரக்கண்ணாடி, பூட்ஸ், கம்பளிச் சட்டை, சுவரில் சாய்த்து எங்கள் பச்சைப் பை. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கொடுப்பதற்காக நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். அண்ணன் காவாப் பாத்திரத்தோடு நின்றார்.

தம்மாம்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பையை எடுத்தார். திருப்பினார். ஜிப்பை இழுத்தார், பின்பக்கச் சட்டத்தைத் தட்டினார். “மாஷா அல்லாஹ், அழகான பை” என்றார்.

கல்ஃபில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாதா? விருந்தாளி ஒரு பொருளை அழகு என்று சொல்லிவிட்டால், வீட்டுக்காரர் அதைக் கொடுக்க வேண்டும். எங்கள் அர்பாப் இதில் ஊருக்கு ஒரு படி மேல். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

“எடுத்துக்கொள், உனக்குத்தான்” என்றார்.

தம்மாம்காரர் வேண்டாம் என்றார். அதுவும் முறைதான். அர்பாப் மறுபடி சொன்னார். அவர் மறுபடி வேண்டாம் என்றார். யா அல்லாஹ், இந்த மனிதர் இன்னும் ஒரே ஒரு முறை உறுதியாக வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். அர்பாப் “வல்லாஹி, நீ எடுக்காமல் போகக் கூடாது” என்று ஆண்டவன் மேல் சத்தியம் வைத்துவிட்டார். சத்தியம் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. தம்மாம்காரர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

“அர்பாப், அந்தப் பை...” என்று எனக்கு வாய் திறந்துவிட்டது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்வது? சமையல்காரருக்கு அளந்து வாங்கியது, திருப்பிக் கேளுங்கள் என்றா? கொடுத்ததைக் குறை சொன்னால் அர்பாபின் மானம் போகும். ஏன் அளந்து வாங்கினாய் என்று கேட்டால் அண்ணனின் முதுகைச் சொல்ல வேண்டும். அண்ணன் கண்ணாலேயே என்னை வேண்டாம் என்றார்.

“மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினை இல்லை. நாளைக்கு வேறு வாங்கிக்கொள்” என்று அர்பாப் சிரித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, பையைக் கொண்டுபோய் விருந்தாளியின் வண்டியில் வை என்றார்.

அண்ணன் காவாப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன். வண்டியின் பின்கதவை அவரே சாத்தினார். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராத்திரி விமானம். ஜும்மா தொழுகை முடிந்து கடை திறக்கும் வரைக்கும் கடை வாசலில் நின்றேன். அதே ஃபிலிப்பைன்காரர். சின்ன அளவு இல்லை, அடுத்த சரக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார். இருந்தது ஒன்றே ஒன்று, நெட்டை ஆட்களுக்கானது. சட்டத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். கம்பியை வெட்டினால் பை உடைந்துவிடும் என்றார். வேறு எந்தக் கடையிலும் பள்ளிக்கூடப் பைதான் இருந்தது. அர்பாபுக்கு போன் போட்டேன்.

“அர்பாப், பெரிய சைஸ்தான் இருக்கிறது. இந்த ஆளுக்கு இது சேராது. குள்ளமான ஆள்.”

“பெரியதா? நல்லதாகப் போயிற்று! நிறையப் பிடிக்கும். வாங்கு.”

எவ்வளவு பிடிக்கும் என்று ரோலாவில் கடை கடையாக நான் கேட்ட அதே கேள்வி. நான் யாரைக் குறை சொல்ல?

பெரிய பையை அண்ணனுக்கு மாட்டினோம். எல்லா ஸ்ட்ராப்பையும் இறுக்கினோம். பெல்ட் தொடையில் வந்து உட்கார்ந்தது. இரண்டு துண்டை மடித்து உள்ளே வைத்துத் தைத்துப் பார்த்தேன். நடந்தால் துண்டு நழுவியது, பை பின்னால் இழுத்தது. அண்ணன் நிமிர முடியாமல் முன்னால் வளைந்தார்.

“அண்ணே, இப்ப நான் போய் அவர்ட்ட சொல்லப் போறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.”

“சொன்னீங்கன்னா ஒங்க மொகத்துலயே முழிக்க மாட்டேன். எம் பிள்ளைங்க மேல ஆணை.”

“முதுகு போயிருச்சுன்னா?”

“ஒண்ணும் ஆவாது பாய். ஆட்டுக்கறிதான? ஆனையா சுடப் போறாரு? நீங்க பொலம்பாம இருங்க.”

நான் புலம்பாமல் இருந்தேன். ஏர்போர்ட்டில் பையைத் தராசில் வைக்க நான் தூக்கிக் கொடுத்தேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது. அந்த நாள்களில் ஆபீசில் உட்கார்ந்து என்ன டைப் அடித்தேன் என்றே தெரியாது. மலையில் போன் எடுக்காது என்று தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தார்கள். அர்பாப் வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்த மாதிரி வந்தார். அண்ணன் பின்னால் வந்தார். நடந்துதான் வந்தார், ஆனால் அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காட்டாடு கிடைத்ததாம். அர்பாபே தன் கையால் சுட்டு, தன் கையால் அறுத்து, இறைச்சியைப் பையில் கட்டி, மேலே கொம்பை வைத்துத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாராம். மருமகன் படம் எடுத்தானாம். அடுத்த திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். பிறகு பை அண்ணனிடம் வந்ததாம். கூட வந்த தஜிக் ஆள் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் முதுகில் துப்பாக்கியும் கூடாரமும் ஏற்கெனவே இருந்தன, முடியவில்லை. சரிவில் இறங்கும்போது பை ஆளைத் தள்ளியிருக்கிறது. நடுவழியில் எங்கேயோ “டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பாய், கல்லுதான் உருண்டுச்சுன்னு நெனச்சேன்” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு இடது காலில் உணர்வு பாதிதான் இருந்திருக்கிறது. அப்படியே இறங்கியிருக்கிறார். அன்றைக்கு ராச்சாப்பாடும் சமைத்திருக்கிறார்.

அர்பாப் பை சுமந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். போட்டுக் கொண்டுவந்து ஆபீஸ் சுவரில் மாட்டினேன். தினமும் அதற்கு எதிரில்தான் என் மேசை.

கொஞ்ச நாள் மறைத்தோம். அண்ணன் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பார். அண்டாவை இறக்க நானும் தோட்டக்கார வங்காளியும் ஆபீசிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஓடுவோம். கிளினிக் டாக்டர் ஆபரேஷன் என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள் மதியம், திரும்பி வந்ததும் அர்பாப் வைத்த காட்டாட்டு விருந்தைச் சாப்பிட்ட யாரோ அண்ணனின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார் என்று, அர்பாப் அதைத் தானே சொல்வதற்காக அடுப்படிக்கு வந்துவிட்டார். அண்ணன் தரையில் மல்லாந்து கிடந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அர்பாப் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். அர்பாபின் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“இவனைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து நான் இத்தனை வருடம் இங்கே வைத்திருந்தது பாவம். கலாஸ். கேன்சல் அடி. எல்லாக் கணக்கையும் முடித்து, மேலே நானும் தருகிறேன். ஊரில் போய் ஓய்வெடுக்கட்டும்.”

“அர்பாப், வேண்டாம். இங்கேயே வைத்தியம் பார்க்கலாம். சின்ன வேலை ஏதாவது கொடுங்கள். ஆபீசில் டீ போடட்டும். அவருக்குப் போக விருப்பம் இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள்.” நான் இந்தியில் பேசினேன், தெரிந்த அரபியில் பேசினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “முதுகு உடைந்தவனை வேலை செய்ய வைக்கச் சொல்கிறாயா? உனக்கு உன் அண்ணன் மேல் இரக்கம் இல்லையா?” என்றார்.

சுவரில் இருந்த அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து கேன்சல் பேப்பரை நானே டைப் அடித்தேன். அண்ணன் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தார். “நான் ஊருல போயி என்ன பண்ணுவேன் பாய்? கல்யாணச் சமையலுக்குப் போனாலும் அண்டா தூக்கணுமே” என்றார். நான் பேனாவைக் கொடுத்தேன்.

திருச்சி விமானம். சாமான் கொஞ்சமாகக் கொண்டுபோங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அர்பாப் வீட்டு அம்மா போர்வையும் பால்பவுடரும் பிள்ளைகளுக்குத் துணியுமாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். அழுதுகொண்டே கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது? அட்டைப்பெட்டி பிதுங்கியது. நானே கட்டினேன், நானே டாக்சியில் ஏற்றினேன், நானே இறக்கி டிராலியில் வைத்தேன். வீல்சேர் கேட்போம் என்றேன். “வீல்சேர்ல போயி எறங்குனா எம் பொண்டாட்டி வாசல்லயே விழுந்துருவா. வேணாம்” என்றார்.

வாசலில் போலீஸ்காரர் டிக்கெட்டைக் கேட்டார். என்னிடம் டிக்கெட் இல்லை. “பெட்டியை மட்டும் உள்ளே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், இவருக்கு முதுகு சரியில்லை” என்று அரபியிலும் இங்கிலீஷிலும் சொன்னேன். மம்னூ, கூடாது என்றார். பின்னால் வரிசை நெருக்கியது. அண்ணன் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே சாமானைச் சோதிக்கிற மிஷின். டிராலியில் இருந்து பெட்டியை எடுத்து பெல்ட்டில் அவரவர்தான் வைக்க வேண்டும். அண்ணன் முறை வந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லோரும் அவரவர் பெட்டியோடு அவசரத்தில் இருந்தார்கள். யாரையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். “அண்ணே, தூக்காதீங்க! யாரையாச்சும் கூப்புடுங்க! தூக்காதீங்கண்ணே!” என்று கத்தினேன்.

சத்தம் உள்ளே போகவில்லை. என் கை ஆடுவது மட்டும் தெரிந்திருக்கிறது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். போய் வருகிறேன் என்று கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு குனிந்து பெட்டியைப் பிடித்தார்.